காந்தம் ஒட்டாத ஷூ

வேதகிரிக்கு ஒரு குரு கிடைத்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

குருவின் பெயர் பெர்னதத், ஒரு பெண்மணி. குன்னூரில் மலை ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறும் சாலையில் பழைய ஷூக்களுக்கு ஒரு கடை வைத்திருந்தார். பெண்கள் ஷூ மட்டும்தான். பங்களாவைக் காலி செய்கிறவர்கள் சாமான்களை ஏலம் விடும்போது, தேக்கு மேஜைக்கும் பீங்கான் தட்டுக்கும் ஆட்கள் முட்டி மோதுவார்கள். மூலையில் கிடக்கிற ஷூ மூட்டையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதைப் பெர்னதத் வாங்கி வந்துவிடுவார். சினிமாக்காரர்கள் வாடகைக்கு எடுப்பார்கள். சேகரிக்கிறவர்கள் விலைக்கு வாங்குவார்கள். இரண்டு தரப்பும் கேட்பது ஒரே மாதிரிதான். இது எந்தக் காலத்து ஷூ? என்ன சைஸ்?

கேட்பது சுலபம். இங்கிலாந்தில் ஐந்து என்று போட்டிருப்பதை அமெரிக்காவில் ஏழு என்பார்கள். அந்தக் காலத்து ஐந்துக்குள் இந்தக் காலத்து ஐந்தை நுழைத்தால் சுண்டுவிரல் அழும். பல ஷூக்களில் எண்ணே இருக்காது. இருந்தாலும் யாரோ மையில் கிறுக்கியது பாதி அழிந்து கிடக்கும்.

வேதகிரிக்கு இதெல்லாம் அல்வா. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஷூ கடையின் பெண்கள் பகுதியில் மீசை முளைக்காத வயதில் சேர்ந்து, மீசை நரைத்த பிறகு வெளியே வந்தவர். வாசலில் ஒரு பெண் நுழைகிற நடையைப் பார்த்தே சைஸைச் சொல்லிவிடுவார் என்று பெயர். ஓய்வு பெற்றதும் மகள் வேலை பார்க்கிற குன்னூருக்கு வந்தார். ஒரு நாள் காய்கறி வாங்கப் போனவர், பெர்னதத் கடைக் கண்ணாடிக்குள் தன் இளமைக் காலத்து ஷூ ஒன்றைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். காய்கறி அன்று வீட்டுக்கு வரவில்லை. மறுநாளிலிருந்து அவரும் பகலில் வீட்டில் இல்லை.

"ஆயுசு பூரா பொம்பளைங்க காலைப் பிடிச்சது போதலீங்களா?" என்று அவர் மனைவி கேட்டார்.

வேதகிரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடையைப் பெருக்கினார், தோலுக்கு எண்ணெய் தடவினார், டீ போட்டார். சந்தர்ப்பம் பார்த்து ஒரு நாள் கேட்டார்.

"மேடம், ஒரு ஷூவோட வயசைத் தப்பே வராம சொல்றதுக்கு எதைப் பார்க்கணுங்க?"

பெர்னதத் ஒரு ஷூவை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"கையை உள்ளே விடுங்க, சார்."

"விட்டேங்க."

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலீங்க."

"சரி. நாளைக்கும் விடுங்க."

வேதகிரிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு படிப்பா? ஆனால் கடையில் இருந்த மற்ற சாமான்கள் அவருக்குப் பிடித்தன. பூதக்கண்ணாடி, அளவு கட்டை, எல்லாவற்றுக்கும் மேலாகக் காந்தம். அந்த நாளில் குதியையும் அடியையும் ஆணி அடித்துத்தான் பூட்டுவார்கள். காந்தத்தைக் குதியில் வைத்தால் 'டக்'கென்று ஒட்டும். பசை போட்டு ஒட்டிய பிற்காலத்து ஷூவில் ஒட்டாது. வேதகிரி அந்தக் காந்தத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். சமையலறைக் கரண்டிகளையும் சோதித்துப் பார்ப்பதாக வீட்டில் புகார் இருந்தது.

ஒரு நாள் பெர்னதத் ஊட்டியில் நடக்கிற ஏலத்துக்குக் கிளம்பினார்.

"யாராவது ஷூ கொண்டு வந்தா வாங்கி வெய்யுங்க, சார். நான் வந்து பார்த்துச் சொல்றேன்."

"ஆகட்டுங்க."

அவர் போன கொஞ்ச நேரத்தில், தூறலில் நனைந்தபடி ஒரு பெண்மணி வந்தார். வேதகிரியின் வயதுதான் இருக்கும். பைக்குள்ளிருந்து, துண்டில் சுற்றிய ஒரு ஜோடி ஷூவை எடுத்து மேஜைமேல் வைத்தார். பழுப்புத் தோல், லேஸ் கட்டுகிற ரகம், குட்டையான கட்டைக் குதி.

"பெர்னதத்ங்கறது..."

"மேடம் ஊட்டி போயிருக்காங்க. நான் இங்கேதான் இருக்கேன். சொல்லுங்கம்மா."

"என் பேர் ஐரீன். இந்த ஊர்லதான் பொறந்தேன். கோயம்புத்தூர்ல நர்ஸா இருந்து ரிட்டயர் ஆயிட்டேன். மக ஆஸ்திரேலியாவுல இருக்கா. அவகிட்டயே போய் இருக்கப் போறேன். அடுத்த வாரம் பிளேன்."

"சந்தோஷங்க."

"இது எங்கம்மா ஷூ. என்னைப் பெத்த அன்னிக்கே அவங்க போயிட்டாங்க. ஒரு போட்டோகூட இல்ல. அப்பா, இங்கிலாந்து போய்க் கூப்பிடறேன்னு போனவரு, கூப்பிடவே இல்ல. ராக்கம்மான்னு எங்க ஆயா. அவதான் என்னை வளர்த்தா. நான் நர்ஸ் படிக்கக் கிளம்பினப்போ இதைக் கையில குடுத்து, 'உங்கம்மா போட்டது, பத்திரம்'னு சொன்னா."

"நீங்க போட்டுப் பார்த்ததுண்டுங்களா?"

"ஐயோ, எப்படிப் போடறது? வருஷத்துக்கு ஒருக்கா எடுத்துத் துடைச்சு வெப்பேன். அவ்வளவுதான்."

"இப்போ என்ன தெரியணுங்க?"

"எந்த வருஷத்துது, என்ன சைஸுன்னு சொன்னாப் போதும். அம்மா முகம் எப்படின்னு எனக்குத் தெரியாது. கால் எவ்வளவு பெரிசுன்னாவது தெரிஞ்சுக்கிட்டுப் போறேனே."

ஷூவை வாங்கி வைத்துவிட்டு, ஒரு டீயைக் கொடுத்து, மேடம் வரும்வரை உட்காரச் சொல்லியிருந்தால் வம்பே இல்லை. வேதகிரியின் கை சும்மா இருக்குமா? சட்டைப் பைக்குப் போய்விட்டது.

காந்தம் குதியில் ஒட்டவில்லை. அடியில் ஒட்டவில்லை. மறுகால் ஷூவிலும் அப்படியே. பூதக்கண்ணாடியை எடுத்தார். உள்பக்கம் மையில் ஐந்து என்று எழுதியிருந்தது. அடியில் குறுக்குக் கோடு போட்ட ரப்பர் தகடு. அந்த ரப்பரைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் அது சந்தைக்கு வந்தது. வாரக்கணக்கில் அதைத்தானே தூக்கிச் சுமந்தார்! ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தாலும், சாலையில் நடந்த ஷூவில் விழுகிற ஜல்லிக் கீறல் ஒன்றுகூட இல்லை. முனையில் ஏதோ துணி அடைத்திருந்தது. கடையில் வடிவம் கெடாமல் இருக்க அடைப்பதுதான் என்று விட்டுவிட்டார். உள்தோலில் பதிந்திருந்த கால் தடத்தை மட்டும் அளவு கட்டையால் அளந்தார். மூன்றாம் நம்பர்க் கால்.

"உங்களுக்கு வருத்தமாத்தான் இருக்கும், அம்மா. ஆனா உள்ளதைச் சொல்லணுமில்லீங்களா."

"சொல்லுங்க."

"இது உங்க அம்மாவோடது இல்லீங்க."

வேதகிரி ஷூவைத் திருப்பி அடியைக் காட்டினார்.

"ஆணியே இல்ல, பாருங்க. ஒட்டின ஷூ. இந்த ரப்பர் வந்தப்போ நான் வேலையில சேர்ந்துட்டேன். நீங்க அப்போ பெரிய பள்ளிக்கூடம் போயிட்டிருந்திருப்பீங்க. உங்கம்மா போய்ப் பத்துப் பதினஞ்சு வருஷம் ஆயிருக்கும். தவிர, ஷூ அஞ்சாம் நம்பர். போட்டிருந்தவங்க கால் மூணு. சொந்தமா அளவு குடுத்து வாங்கினவங்க இப்படிப் போட மாட்டாங்க."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"இதுல நான் கரை கண்டவனுங்க."

"அப்போ ஆயா சொன்னது பொய்யா?"

"பாவம், தாயில்லாப் புள்ள ஏங்கக் கூடாதுன்னு எங்கியாவது வாங்கிட்டு வந்து சொல்லியிருப்பாங்க. நல்ல மனசுலதான் சொல்லியிருப்பாங்க."

ஆறுதல் சொல்கிறோம் என்றுதான் வேதகிரி நினைத்தார்.

"ராக்கம்மா என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லைன்னு இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றார் ஐரீன்.

துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஷூவைத் தொடவில்லை.

"எடுத்துக்கலீங்களா?"

"யாரோடதோ. அவ்வளவு தூரம் எதுக்குச் சுமக்கணும்? போறதுக்கு முன்னாடி ஆயாவைப் புதைச்ச குழியில ஒரு பூ வெச்சுட்டுப் போலாம்னு இருந்தேன். இன்னொரு நாள் பார்த்துக்கறேன். கோயம்புத்தூர் பஸ் எப்போ?"

அடுத்த வாரம் பிளேன் ஏறுகிறவருக்கு இன்னொரு நாள் ஏது என்று வேதகிரிக்குத் தோன்றவில்லை. பஸ் நேரத்தைச் சொல்லி அனுப்பினார்.

ஏலம் தள்ளிப்போய்விட்டதால் பெர்னதத் மத்தியானமே திரும்பிவிட்டார். வேதகிரி ஒன்று விடாமல் ஒப்பித்தார். முடிக்கும்போது, நன்றாகப் பரீட்சை எழுதிவிட்டு வந்த பையனின் முகம் அவருக்கு.

பெர்னதத் கை கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காந்தத்தைக் கேட்கவில்லை. ஷூவுக்குள் கையை விட்டார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"சார், ஒட்டின ஷூவுக்கு இந்த எடை வருமா?"

"கொஞ்சம் கனமாத்தான் இருக்குதுங்க."

"முனையில இருக்கற துணியைத் தொட்டீங்களா?"

"பேக்கிங் துணிதானுங்களே?"

பெர்னதத் விரலால் நெம்பி அந்தத் துணியை வெளியே எடுத்தார். பழைய சேலைக் கிழிசல், வியர்வையிலும் அழுத்தத்திலும் அடைபோல இறுகியிருந்தது. அதன் ஒரு பக்கத்தில் ஐந்து குழிகள். சின்னச் சின்ன விரல் குழிகள்.

வேதகிரி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். யாரோ தினமும் அந்தத் துணியில் விரல் அழுத்தி நடந்திருக்கிறார்கள். பேக்கிங் துணியில் யார் நடப்பார்கள்?

பெர்னதத் மெல்லிய கத்தியை எடுத்து ரப்பர் தகட்டின் ஓரத்தில் நுழைத்தார். பழைய பசை மொறமொறவென்று விட்டது. ரப்பருக்கு அடியில் தோல் அடி ஒன்று இருந்தது. நன்றாக நடந்து, ஜல்லி கீறி, தேய்ந்துபோன தோல். ஆணி அடித்த ஓட்டைகள் வரிசையாக இருந்தன. ஓட்டை இருந்தது, ஆணி இல்லை. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு மூங்கில் குச்சியைச் சீவி இறுக்கியிருந்தார்கள்.

"ஆணி இருந்திருக்குதுங்க!" என்றார் வேதகிரி.

"இருந்திருக்கு."

"நல்லா இருக்கற ஆணியைப் பிடுங்கிட்டு மூங்கிலை எதுக்குங்க வெக்கணும்?"

பெர்னதத் ரப்பரைப் பழையபடி மூடினார்.

"அந்த அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, சார்."

"பஸ் ஏறியிருப்பாங்க, மேடம்."

"ஏறியிருந்தா அடுத்த பஸ்ல போய்க் கூட்டிட்டு வாங்க."

வேதகிரி குடையை மறந்துவிட்டு ஓடினார். அந்த வயதில் அந்த இறக்கத்தில் ஓடினால் முட்டி என்ன பாடு படும் என்று அன்று ராத்திரி அவருக்குத் தெரியப் போகிறது. வழியெல்லாம் மூடுபனி. நல்ல வேளையாக, மலைப்பாதையில் பனி விலகட்டும் என்று பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஐரீன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அழுத கண்கள் என்பது வெளியிலிருந்தே தெரிந்தது.

"அம்மா, கொஞ்சம் இறங்கி வர்றீங்களா? மேடம் வந்துட்டாங்க."

"எதுக்குங்க? அதையே இன்னொரு வாய் சொல்லிக் கேக்கறதுக்கா?"

"நான் அவசரப்பட்டுட்டேங்க. பாதிதான் பார்த்தேன். பார்க்காத பாதியையும் சேர்த்துச் சொல்லிட்டேன்."

ஐரீன் அசையவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேதகிரிக்கு மூச்சு வாங்கியது. வெட்கம் பார்க்கிற நிலையில் அவர் இல்லை.

"உங்க ஆயாவைப் பொய் சொன்னவங்கன்னு சொன்னேன். அது என் நெஞ்சுல முள்ளாட்டம் குத்துதுங்க. எனக்காக வேண்டாம், அவங்களுக்காக வாங்க."

ஐரீன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கடையில் பெர்னதத் அவருக்கு நாற்காலி போட்டார். ரப்பரை மறுபடி தூக்கி, உள்ளே இருந்த மூங்கில் வரிசையைக் காட்டினார்.

"ராக்கம்மா எங்கே வேலை பார்த்தாங்க?" என்று கேட்டார்.

"அப்பா கைவிட்டப்புறம் பெருக்கற வேலைக்குப் போறேன்னு போவா. ஏதோ பங்களான்னு நானா நெனச்சுக்கிட்டேன். நான் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி போயிடுவா, பள்ளிக்கூடம் விட்டு வர்றப்போ வந்துடுவா."

"எந்தப் பங்களா?"

"சொன்னதில்ல. என்னைக் கூட்டிட்டுப் போனதும் இல்ல. ஏங்க?"

பெர்னதத் நிதானமாகச் சொன்னார்.

"பாறை உடைக்கற வெடிமருந்தைச் சேர்த்து வெப்பாங்களே, கிடங்கு, அதுக்குள்ள இரும்பு ஆணி வெச்ச ஷூ போட விடமாட்டாங்க. தரையில உரசினாப் பொறி வரும். வெளியில நடந்த காலோடவும் விடமாட்டாங்க, மண்ணும் கல்லும் ஒட்டியிருக்கும்னு. வேலைக்கு வர்றவங்க ஆளுக்கொரு ஷூ சொந்தமாக் கொண்டு வந்து வாசல்லயே வெச்சிருப்பாங்க. இரும்பே இல்லாத ஷூ. அதை மாட்டிக்கிட்டுத்தான் உள்ளே போகணும். அது வெளித்தரையை மிதிக்கவே கூடாது."

ஐரீன் ஷூவைப் பார்த்தார். பிறகு பெர்னதத்தைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

"தீபாவளி" என்றார்.

இருவருக்கும் விளங்கவில்லை.

"சாயங்காலம் அவ மடியில ஏறி உட்கார்ந்தா அவ சேலையில தீபாவளி வாசனை வரும். பிரிக்காத பட்டாசுப் பொட்டலத்துல வருமே, அந்த வாசனை. ஆயா, உனக்கு மட்டும் எப்படி தினம் தீபாவளின்னு கேப்பேன். 'நீதான்டி எனக்கு தீபாவளி'ன்னு சிரிப்பா. எனக்கு அந்த வாசனைன்னா உசுரு. ஐயோ, அவ மருந்துக்குள்ளயா போயிட்டு வந்தா?"

வெளியே தூறல் நின்றுபோயிருந்தது.

வேதகிரி தணிந்த குரலில் கேட்டார்: "அவங்களுக்குன்னு சொந்தமா ஷூ இல்லீங்களா?"

"ஷூவா? அவ கால்ல செருப்பையே நான் பார்த்ததில்லைங்க. என் ஃபீஸுக்கும் புஸ்தகத்துக்குமே சரியாப் போச்சு. வீட்டுல ஷூன்னு இருந்தது அம்மாவோடது ஒண்ணுதான்."

அப்போதுதான் வேதகிரிக்கு எல்லாம் ஒன்றாகக் கூடியது. தாயின் ஷூவில் ஆணியைப் பிடுங்கி, மூங்கிலை இறுக்கி, பின்னாளில் மேலே ரப்பரை ஒட்டி, இரண்டு சைஸ் பெரிய ஷூவுக்குள் சேலைக் கிழிசலைத் திணித்துக்கொண்டு ஒரு பெண் வெடிமருந்துக்கு நடுவில் பெருக்கியிருக்கிறாள். அந்தப் பிள்ளை படித்து முடிக்கிறவரைக்கும் பெருக்கியிருக்கிறாள். பிறகு துடைத்துத் துண்டில் சுற்றி, "உங்கம்மா போட்டது" என்று கொடுத்துவிட்டாள். தான் போட்டதைச் சொல்லவே இல்லை.

"அவங்க சொன்னது நிஜம்" என்றார் பெர்னதத்.

ஐரீன் அந்தத் துணியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அழுகை சத்தமாகவே வந்தது. அதில் துக்கத்தைவிட நிம்மதிதான் அதிகம் என்று வேதகிரிக்குப் பட்டது. பார்த்துக்கொண்டிருந்த அவருக்கும் கண் கலங்கிவிட்டது. இந்தப் பெண்மணி பஸ்ஸோடு போயிருந்தால்? மூடுபனிக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

அழுது முடித்து ஐரீன் கேட்டார்:

"அம்மா கால்? அதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

பெர்னதத் ஷூவின் நாக்கை அகல விரித்து வெளிச்சத்தில் காட்டினார்.

"துணி இருந்த இடத்துக்குக் கீழே பாருங்க."

உள்தோலின் முனையில், துணி மூடியிருந்த இடத்தில், இன்னும் ஐந்து குழிகள் இருந்தன. நீளமான விரல்கள். இரண்டாவது விரல் கட்டைவிரலைத் தாண்டிப் போயிருந்தது.

"துணியை அடைச்சதால அழியாம இருக்கு" என்றார் பெர்னதத்.

ஐரீன் குனிந்து தன் செருப்பைக் கழற்றினார். அவருடைய இரண்டாவது விரலும் கட்டைவிரலைத் தாண்டி நின்றது. வேதகிரி பழக்க தோஷத்தில் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நடையைப் பார்த்துச் சைஸ் சொல்கிற மனிதர், காலையில் இந்தக் காலைப் பார்க்கவே இல்லை.

"அஞ்சுதான்" என்றார். "போட்டுப் பாருங்கம்மா."

"போடலாங்களா?" ஐரீன் பெர்னதத்தைப் பார்த்துக் கேட்டார்.

பெர்னதத் தலையசைத்தார். ரப்பர் ஓரத்தில் புதுப் பசை தடவி அழுத்தி, காயும்வரை கட்டி வைத்தார். தோலுக்கு எண்ணெய் தடவி நீவினார். இற்றுப்போன பழைய லேஸை உருவிவிட்டு வேறு லேஸ் கோத்தார். இதெல்லாம் முடிய இரண்டு டீ நேரம் ஆனது. வேதகிரிதான் டீ போட்டார்.

ஷூவைப் போட்டுக்கொண்டு ஐரீன் எழுந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

"விரல் விரலா உட்காருதுங்க" என்றார். "அந்தந்தக் குழியில அந்தந்த விரல்."

பிறகு வேதகிரி பக்கம் திரும்பினார்.

"காலையில நீங்க, ஆமாங்க, உங்கம்மா ஷூதான், அஞ்சாம் நம்பர்னு சொல்லி அனுப்பியிருந்தா, சந்தோஷமா வாங்கிட்டுப் போயிருப்பேன். ஆயா பட்ட பாடு எனக்குத் தெரிஞ்சே இருக்காது. உங்களுக்குத்தாங்க முதல்ல நன்றி சொல்லணும்."

வேதகிரி கையெடுத்துக் கும்பிட்டார்.

ஐரீன் சேலைக் கிழிசலைக் கைக்குட்டையில் முடிந்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். தன் செருப்பைப் பைக்குள் போட்டார்.

"ஆயாகிட்ட போய்ட்டு வந்துடறேங்க. ஏறிப் போற ரோடுதான், தெரியும். பூ விக்கறவங்க இருப்பாங்க இல்ல?"

"மார்க்கெட் வாசல்ல இருப்பாங்க" என்றார் பெர்னதத்.

"பஸ் ராத்திரி வரைக்கும் இருக்குமில்ல?"

"இருக்கும். நிதானமாப் போங்க."

ஐரீன் அந்த ஷூவோடு படியிறங்கினார். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு சாதாரணமாக நடந்தார். ஈரச் சாலையில் மூங்கில் இறுக்கிய குதி மெத்தென்று மிதித்துப் போனது.

வேதகிரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி ஒரு பக்கம் நெஞ்சை நிறைத்தாலும், பழைய ஷூக்களோடு பழகிய மனம் அடித்துக்கொண்டது. அப்படி ஒரு ஷூ இனி எந்த ஏலத்திலும் கிடைக்காது. கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்க வேண்டிய பொருள் ஜல்லியில் நடந்து போகிறது.

"மேடம், அந்த ரப்பர் அடி இது வரைக்கும் ரோட்டையே மிதிச்சதில்லீங்க. ஈரம் வேற. ரெண்டு தரம் ஏறி இறங்கினாப் பாழாயிடுமே. நீங்க ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாமில்லீங்களா?"

பெர்னதத் மேஜைமேல் சிந்திய எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தேயட்டும், சார். அவங்க எப்போ ஊருக்குக் கொண்டு வந்தாலும் நான் புது சோல் போட்டுத் தர்றேன்."